நன்றி சொல்லக்கூடாத குதிரைகள்

போர் எங்கள் ஊரைத் தாண்டிப் போனபோது குதிரைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலில் ஜெர்மானியர்கள் வந்து நல்ல குதிரைகளைக் கொண்டுபோனார்கள், பிறகு ரஷ்யர்கள் வந்து சுமாரானவற்றைக் கொண்டுபோனார்கள், பிறகு வேறொரு படை வந்து நொண்டிகளைக் கொண்டுபோனது, கடைசியில் எந்தக் கொடி என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாத நாலாவது படை ஒன்று வந்து, ஊரில் மிச்சமிருந்த ஒரே ஒரு குருட்டுப் பெண்குதிரையை மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஊரில் நாலு கால் என்று சொல்ல நாய்களும் நாற்காலிகளும்தான் இருந்தன.

ஊர் வேயுபே. லாத்வியாவின் கடற்கரையில், ஆறு வந்து கடலில் விழும் இடத்தில் இருக்கிறது. ஒரு தேவாலயம், ஒரு மரம் அறுக்கும் ஆலை, மீனுக்குப் புகைபோடும் பத்துக் கொட்டகைகள், ஒரு ரயில் நிலையம், ஒரு தபால் நிலையம். தபால் நிலையம் என்றால் நான்தான். ஆல்வினே என்று பெயர். தந்தி அடிப்பதும் முத்திரை குத்துவதும், ஊரில் இருக்கும் ஒரே தொலைபேசியை எடுத்து யார் என்று கேட்பதும், கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பதும் என் வேலை. கடைசி வேலையில் மட்டும் எனக்கு அவ்வளவு திறமை போதாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதாம் வருட வசந்தத்தில், போருக்குப் போன ஆண்களில் பாதிப் பேர் திரும்பி வராத நிலையில், பெண்கள் ஏரை இழுத்தார்கள். ஒரு ஏருக்கு ஆறு பெண்கள். கடலோர வயலில் இழுத்த ஆறு பேரில் முன்னால் நின்றவள் தார்தா. புருஷனைப் போரில் கொடுத்தவள், பேச்சைவிட வேலை அதிகம். கயிறு அழுத்தி அழுத்தி அவளுடைய வலது தோளில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. சனிக்கிழமை நீராவிக் குளியலில் எங்கள் உடம்பெல்லாம் சிவந்து போகும்போதும் அந்தப் பள்ளம் மட்டும் வெள்ளையாகவே இருக்கும். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்துவிடுவோம்.

அந்த மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, கடலுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் குதிரை நடந்து வந்தது. நீந்தி வரவில்லை, நடந்துதான் வந்தது, அலையை முழங்காலால் தள்ளிக்கொண்டு, மணலில் ஏறி, ஒருமுறை உடம்பை உதறி, வயலோரத்தில் வந்து நின்றது. தார்தா சத்தம் போடவில்லை, சிலுவைக் குறி போடவில்லை. தன் தோளிலிருந்த கயிற்றைக் கழற்றி அதன் தோளில் மாட்டினாள், ஹை என்றாள், ஏர் நகர்ந்தது. மற்ற ஐந்து பெண்களும் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பின்னாலேயே நடந்து போனார்கள்.

எங்கள் நாட்டுக் காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் இன்ன பெயர் என்று அச்சிட்டிருக்கும், அந்தப் பெயர்க்காரர்களுக்கு அன்றைக்கு வீட்டில் கேக் உண்டு, விருந்தாளிகள் அழைக்காமலேயே வந்துவிடுவார்கள். அன்றைய பெயர் ஸெல்மா. குதிரை ஆண்தான் என்றாலும், வந்த நாளின் பெயரைத் தவிர வேறு பெயர் வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஸெல்மாவும் அதைப் பற்றி ஒன்றும் குறைபட்டுக்கொண்டதில்லை.

இனி ஓஸ்வால்ட்ஸ் கிராவிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். மர ஆலையில் பலகை எண்ணும் குமாஸ்தா. தலைநகர் ரீகாவில் ஓர் அனாதை விடுதியில் வளர்ந்தவர், போர் முடிந்த குளிர்காலத்தில் ஒரு பெட்டியும் ஒரு சதுரங்கப் பலகையுமாக எங்கள் ஊருக்கு வந்து, ரொட்டிக் கடையின் மாடி அறையில் குடியேறினார். மெலிந்த மனிதர், எப்போதும் பொத்தான் எல்லாம் போட்டிருப்பார், வணக்கம் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் ரீகாவில் தன் முதல் பெரிய சதுரங்கப் பந்தயத்தை ஆடிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆலை மேலாளருக்கு அவரிடமிருந்து ஒரு தந்தி வந்தது: இரண்டு மணிக்கு வெள்ளைக் குதிரையை இழந்தேன், தோற்றேன், புதன்கிழமை வேலைக்கு வருகிறேன்.

அதைத் தாளில் எழுதியவள் நான். இரண்டு மணி என்று எழுதும்போதே என் கை நின்றுவிட்டது. என் அக்காவிடம் மட்டும் சொன்னேன், போதகரிடம் மட்டும் சொன்னேன், மறுநாள் காலையில் ஊருக்கே தெரிந்திருந்தது.

இலையுதிர் காலத்தில் அவர் மறுபடி ரீகாவுக்குப் போனார். முதல் ஆட்டம் கறுப்புக் காய்களோடு என்று தெரிந்துகொண்டு நாங்கள் கடற்கரையில் போய் உட்கார்ந்தோம், கூடையில் ரொட்டியும் புகைபோட்ட மீனும் எடுத்துக்கொண்டு, யாரும் எதற்கு வந்தோம் என்று சொல்லிக்கொள்ளாமல். பதினொன்றரைக்கு ஒரு கறுப்புக் குதிரை வந்தது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இன்னொரு கறுப்புக் குதிரை வந்தது. அன்றைய தந்தியில், இரண்டு குதிரைகளையும் கொடுத்து ஜெயித்தேன் என்றிருந்தது.

அதன் பிறகு ஊர் இந்த விஷயத்தை ஏற்றுக்கொண்டு காரியத்தைப் பார்க்க ஆரம்பித்தது. குதிரைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம், பதிவுப் புத்தகத்தில் பிறந்த இடம் என்று ஒரு கட்டம், நகராட்சிக் குமாஸ்தா மூன்று நாள் பேனாவைக் கடித்துவிட்டு, ரீகா, மூன்றாவது மேசை என்று எழுதினார். கால்நடை மருத்துவர் வந்து பல்லைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார், மிரண்டால் மட்டும் இரண்டடி நேராகப் போய் ஓரடி பக்கவாட்டில் போகிறது, வண்டியில் உட்காருகிறவர்கள் பிடித்துக்கொள்ளவும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். எந்த வேலியும் அவற்றைத் தடுக்காது, அனாயாசமாகத் தாண்டும், ஆனால் தானாகவே திரும்பி வந்துவிடும். ஒன்றும் குட்டி போட்டதில்லை, அதற்கு நாங்கள் எவ்வளவோ ஏற்பாடு செய்து பார்த்தோம். போதகரும் பள்ளி ஆசிரியரும் தங்களாலும் முடிகிறதா என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஆடி, ஆளுக்கு ஒன்பது குதிரை கொடுத்தார்கள், வந்தது ஒரு முள்ளெலி.

ஒருமுறை பெர்லினில் ஆட்டம் முடியாமல் மறுநாளைக்கு ஒத்திவைத்தார்கள். அப்படி ஒத்திவைக்கும்போது ஒருவர் தன் அடுத்த நகர்வை யாருக்கும் காட்டாமல் எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும், மறுநாள் நடுவர் அதைப் பிரிப்பார். அன்று உறையில் போட்டவர் கிராவிஸ். எங்கள் கடலில் ஒரு வெள்ளைக் குதிரை சாயங்காலமே வந்து, முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டது, வரவும் இல்லை, போகவும் இல்லை. உறைக்குள் என்ன இருக்கிறது என்று பெர்லினில் ஒருவருக்கும் தெரியாது, வேயுபேயில் கோழிகளுக்குக்கூடத் தெரியும். ரீகா பத்திரிகைக்காரன் ஒருவன் தொலைபேசியில் என்னைத் துளைத்து எடுத்தான், எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி வைத்தேன், என் வாழ்க்கையில் நான் காத்த ஒரே ரகசியம் அது. மறுநாள் பத்து மணி வரை மாற்றி மாற்றித் தண்ணீருக்குள் இறங்கி அதற்கு ரொட்டி ஊட்டினோம்.

முதல் மூன்று குதிரைகளைக் கூட்டிப்போய்க் காட்டியபோது கிராவிஸின் முகம் வெளுத்துப் போனது. ஒவ்வொன்றின் நெற்றியையும் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் தபால் தலை வாங்க வரும்போதெல்லாம் சுவரில் ஆணியில் தொங்கும் பட்டியலைப் பார்ப்பார். குதிரை வேண்டும் என்பவர்களின் பெயர்ப் பட்டியல் அது, மருத்துவச்சி, பால்காரர், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து விதவைகள் என்று நீளமாக இருக்கும். யாரும் அவரிடம் கொடு என்று கேட்டதில்லை. அவர் படிப்பார், தபால் தலையை நக்கி ஒட்டுவார், ரயிலேறிப் போய்க் குதிரைகளைக் கொடுப்பார். ஹாம்பர்கில் கொடுத்தார், ப்ராகில் கொடுத்தார், ஸ்டாக்ஹோமில் ஒரே வாரத்தில் ஐந்து கொடுத்தார். பெரிய மாஸ்டர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதை நிறுத்தினார்கள், ஏனென்றால் எப்போதும் குதிரை இல்லாமல் ஆடிப் பழகிய மனிதனுக்கு, இல்லாமல் என்னென்ன செய்யலாம் என்பது நன்றாகவே தெரிந்துவிட்டது. பதினோரு பந்தயங்களில் இரண்டாவது வந்தார், மூன்றாவது வந்தார், ஐந்தாவது வந்தார். முதலாவதாக மட்டும் வந்ததில்லை. முதலாவதாக வந்தால்தான் மாஸ்டர் பட்டம். அந்தக் கடைசி அரைப் புள்ளி எப்போதும் எங்கள் வயலில் ஏதோ ஒரு மூலையில் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் எங்கள் வழக்கம் ஒன்று இருக்கிறது, இந்தக் கதையில் வரும் கஷ்டம் முழுவதும் அதிலிருந்து வந்ததுதான். உயிருள்ள ஒன்றை யாராவது கொடுத்தால் நாங்கள் நன்றி சொல்வதில்லை. பூச்செடியோ ஆப்பிள் கன்றோ விதை உருளைக்கிழங்கோ பூனைக்குட்டியோ, எதுவானாலும் சரி, கையை நீட்டி வாங்கிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பி, காற்றைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஏதாவது சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். நன்றி சொன்னால் அது செத்துப்போகும். சுற்றி வளைத்துச் சொன்னாலும் நன்றி சொன்ன கணக்குதான், இன்ன காரணத்தால் சொல்ல முடியவில்லை என்று விளக்கினாலும் கணக்குதான். போதகர் ஒருமுறை பிரசங்கத்தில், நம் ஊர்க் குமாஸ்தா ஒருவருக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்று ஆரம்பித்தார், அன்று மத்தியானம் பால்காரரின் குதிரை இருமியது, அதோடு அவரும் வாயை மூடிக்கொண்டார். பதிமூன்று வருடங்களில் முப்பத்தொரு குதிரை வந்தது, ஒன்றுகூடச் சாகவில்லை. நாங்கள் வாயைக் கட்டியதால்தான் என்று உறுதியாக நம்பினோம்.

அனாதை விடுதியில் யாரும் யாருக்கும் செடியோ பூனைக்குட்டியோ கொடுப்பதில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூச்சு விடத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இந்த வழக்கமும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பந்தயம் முடிந்தும் அவர் ரயிலிலிருந்து இறங்கும்போது ஊரே மேடையில் நிற்கும். இறங்கி, பெட்டியைக் கீழே வைத்து, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். சாப்பாட்டு மணி அடித்து முடிந்த பிறகும் தட்டோடு நிற்கிற பிள்ளை மாதிரி இருக்கும் அந்தப் பார்வை. நாங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, காற்று கொஞ்சம் குளிராகத்தான் இருக்கிறது என்போம். ஆமாம் என்பார். பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்.

முப்பத்து மூன்றாம் வருடம் பட்டியலில் கடைசிப் பெயரும் அடிபட்டது. எல்லோருக்கும் குதிரை கிடைத்துவிட்டது. தாளைக் கழற்றி மடித்து வைத்தேன். அவர் தபால் தலை வாங்க வந்தார், வெறும் ஆணியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த வாரம் ஒரு பதிவுத் தபாலோடு வந்தார். ரீகாவில் ஒரு மரக் கிடங்குக்கு வேலை கேட்டு எழுதிய விண்ணப்பம்.

"செப்டம்பரில் போயிடலாம்னு இருக்கேன், ஆல்வினே அம்மா," என்றார். "இங்கே என் வேலை முடிஞ்சுது. யாரும் தேடமாட்டாங்க."

தேடுவோம் என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. ஆனால் வாசலில் என்னுடைய எமீலியா நின்றுகொண்டிருந்தாள். இருபத்து நாலாம் வருடம் ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த கறுப்புப் பெண்குதிரை, தபால் வண்டி இழுக்கிறவள், மழையிலும் பனியிலும் என்னை ஒருநாள்கூட வழியில் விட்டதில்லை. நான் முத்திரையைக் குத்திவிட்டு, சாயங்காலம் மழை வரும் போலிருக்கிறது என்றேன். ஆமாம் என்றார். அன்றைக்கு நான் அழுதது கோபத்தில்தான், யார் மேல் கோபம் என்று மட்டும் தெரியவில்லை.

ஆகஸ்டில், ஊரைவிட்டுப் போகுமுன் கடைசியாக என்று ஒரு பந்தயத்துக்குப் போனார், போஹீமியாவில் ஒரு வெந்நீரூற்று நகரத்துக்கு. பட்டியல் இல்லாததால் குதிரை கொடுக்க வேண்டிய தேவை இல்லை, ஒன்றும் கொடுக்கவில்லை, தனக்காக ஆடினார், தினமும் தந்தியில் ஜெயித்தேன் ஜெயித்தேன் என்று வந்தது. கடைசி ஆட்டம் ஹால்பன் என்ற வியன்னாக்காரரோடு. அதில் ஜெயித்தால் முதலிடம், பட்டம். டிரா ஆனால் ஹால்பன் முதல், இவர் மறுபடியும் இரண்டாவது.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் இரண்டேகாலுக்குத் தொலைபேசி மணி அடித்தது. பதிமூன்று வருடங்களில் அவர் தொலைபேசியில் கூப்பிட்டதே இல்லை. குரல் ஆற்றுக்கு அடியிலிருந்து வருவது போல் வந்தது. ஆட்டத்தைச் சாப்பாட்டுக்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்றார், அங்கே நாலு மணிக்கு, நமக்கு ஐந்து மணிக்கு, மறுபடி ஆரம்பிக்கும் என்றார். ஹால்பனுக்கு இருப்பது ஒரே ஒரு நகர்வு, அது உறையில் இருக்கிறது, அதற்குப் பிறகு தன்னுடைய சிப்பாய் பலகையின் கடைசிக் கட்டத்துக்குப் போய்விடும் என்றார். கடைசிக் கட்டத்துக்குப் போன சிப்பாயை எந்தக் காயாகவும் மாற்றிக்கொள்ளலாம், எல்லோரும் ராணியாக மாற்றுவார்கள். ராணியாக மாற்றினால் ஹால்பன் செக் மேல் செக் கொடுத்து டிரா பண்ணிவிடுவார். குதிரையாக மாற்றினால் அதே இடத்தில் அவருக்கே செக், நாலு நகர்வில் ஆட்டம் முடிந்தது.

"இதுவரைக்கும் குதிரை பலகையை விட்டு அங்கே வந்திருக்கு," என்றார். "பலகைக்குள்ள ஒண்ணு புதுசா வரணும்னா எங்கேருந்து வரும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரோடதுன்னுதான் தெரியாது. ஊரைக் கேட்டுச் சொல்றீங்களா? வேண்டாம்னா நான் ராணியாக்கிடறேன். ஒண்ணும் வருத்தமில்லை."

தேவாலய மணியைப் போதகரே ஓடிப்போய் அடித்தார். தபால் நிலையப் படியில் நின்று நான் எல்லாவற்றையும் சொன்னேன், அவர் கறுப்புக் காய்களோடு ஆடுகிறார் என்பதையும் சொன்னேன். வெள்ளைக் குதிரை வைத்திருப்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள், கறுப்புக் குதிரை வைத்திருப்பவர்கள் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மனிதனுக்கு முப்பத்தொரு குதிரை கொடுக்க முடிந்தது, முப்பத்தொரு வீட்டுக்கு ஒரு குதிரை கொடுக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு, எமீலியாவை வண்டியிலிருந்து அவிழ்த்து நானே கரைக்கு நடந்தேன்.

வழியில் மீன் புகைக்கொட்டகை. அங்கே தார்தா, ஸெல்மாவைக் கொட்டகைச் சுவரோடு நிறுத்தி, புகைக்கூண்டிலிருந்து சுரண்டிய கரியை மீன் கொழுப்பில் குழைத்து, அதன் வெள்ளை உடம்பு முழுக்கப் பூசிக்கொண்டிருந்தாள். காதைக்கூட விடவில்லை. அவளுக்குப் பின்னால் பால்காரர் தன் வெள்ளைக் குதிரையோடு வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் மருத்துவச்சி. பத்துக் கொட்டகை வாசலிலும் வரிசை. வெள்ளைக் குதிரை வைத்திருந்த பதினேழு வீட்டாரும், அது கறுப்பாக இல்லை என்ற ஒரே காரணத்தால் விட்டுப்போய்விடக் கூடாதே என்று கரி பூசிக்கொண்டிருந்தார்கள். சதுரங்கத்தில் இப்படியெல்லாம் ஏமாற்ற முடியுமா என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

நாலரை மணிக்கு முப்பத்தொரு குதிரையும் கரையில் நின்றன, எல்லாம் கறுப்பு, எல்லாவற்றின் மேலும் மீன் வாசனை. சண்டை அதன் பிறகுதான் ஆரம்பித்தது, எங்கள் பாணியில், மெதுவான குரலில். என்னுடையதுதான் போக வேண்டும் என்று ஒவ்வொருவரும் தன் குதிரையைக் கரித்துக்கொட்டினார்கள். பால்காரர் தன்னுடையது சோம்பேறி என்றார், அது ஊரிலேயே முதலில் எழுந்திருக்கும் குதிரை. மருத்துவச்சி தன்னுடையது கடிக்கும் என்றாள், அதன் வாய்க்குள் கையை விட்டு அவளே சர்க்கரை ஊட்டுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். எமீலியாவுக்குக் கண் தெரியவில்லை என்று நானும் ஒரு பொய் சொன்னேன். எமீலியா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஓடிப்போய் ரீகா வழியாக, பெர்லின் வழியாக இணைப்புக் கேட்டு வாங்கினேன்.

"எடுத்துக்கச் சொல்றாங்க," என்றேன்.

"யாரு சொன்னாங்க?"

"எல்லாரும்."

"எல்லாரும்னா? குதிரை யாரோடது?"

"எல்லாரோடதும்தான். முப்பத்தொண்ணும் கரையிலே நிக்குது. வெள்ளை வச்சிருக்கறவங்க கரியைப் பூசிக் கூட்டிட்டு வந்திருக்காங்க."

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. பெர்லினில் இணைப்புக் கொடுக்கிற பெண் ஒருத்தி, பேசி முடித்தாயிற்றா என்று கேட்டாள். பிறகு அவர், "ஏன்?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் பதிமூன்று வருடமாக என் வாய்க்குள் இருந்தது. இங்கே காற்று வடக்கேயிருந்து அடிக்கிறது என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

ஐந்து மணிக்குத் தேவாலயக் கடிகாரம் அடித்தது. கயிறுகளை எல்லோரும் விட்டுவிட்டோம். குதிரைகள் நின்றன. ஐந்தேகாலுக்கு ஸெல்மா இரண்டடி முன்னால் வைத்து, ஓரடி பக்கத்தில் வைத்து, தண்ணீருக்குள் இறங்கியது. முழங்கால் அளவில் கால்கள் வெளுத்தன, வயிற்றளவில் வயிறு வெளுத்தது, கரி சுற்றிலும் தண்ணீரில் பரவி மிதந்தது, கழுத்தளவு போகும்போது அது வந்த அன்றைக்கு இருந்த அதே வெள்ளையாக இருந்தது. தார்தாவின் கை தூக்கியபடியே இருந்தது. பிறகு அலை மட்டும் இருந்தது.

நடுவர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த கறுப்புக் குதிரை ஈரமாக இருந்தது என்று பின்னால் கிராவிஸ் சொன்னார். அதைக் கட்டத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்தபோது விரல்களில் கரி. ஹால்பன் நல்ல மனிதர், ஒன்றும் கேட்காமல் தன் கைக்குட்டையை நீட்டினார், நாலு நகர்வுக்குப் பிறகு கையையும் நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்தார். மாஸ்டர் பட்டம் வாங்கியவர் மாதிரி வரவில்லை, ஒருவர் வீட்டில் திருடிவிட்டு ஒப்புக்கொள்ள வந்தவர் மாதிரி வந்தார். மேடையில் நாங்கள் எல்லோரும் நின்றோம். பெட்டியைக் கீழே வைத்தார். யாருடையது என்று கேட்டார்.

தார்தா முன்னால் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சால்வையைப் போட்டிருந்தாள், கையைத்தான் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"என்னோடது, கிராவிஸ் ஐயா. போயிருச்சு. இனிமே அதுக்கு ஒண்ணும் ஆகாது, அதனால நான் சொல்லலாம்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நன்றி. பதிமூணு வருஷமாச் சொல்லாம வச்சிருந்தேன். என் தோள்லேருந்து கயித்தை எடுத்தது நீங்கதான். நன்றி."

அவருக்குப் புரியவில்லை. அதனால் அவள் எங்கள் வழக்கத்தை அவருக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள், பூச்செடியிலிருந்து, பூனைக்குட்டியிலிருந்து, ஏன் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது வரை. அவளுக்கென்ன, அவளுடையது போய்விட்டது, எங்களுடையவை லாயத்தில் உயிரோடு நிற்கின்றன, அவள் சொல்வதில் நாங்களும் சேர்ந்தவர்கள் என்று எண்ணப்பட்டுவிட்டால் என்ன ஆவது? ஆகவே பால்காரர் உரத்த குரலில் மழை என்றார். மருத்துவச்சி அதைவிட உரக்க, பனி சீக்கிரமே விழும் என்றாள். போதகர் மேகத்தைக் காட்டினார். முப்பது வீட்டாரும் ஒரே நேரத்தில், தொண்டை கிழிய, வானிலையைப் பற்றிப் பேசினோம், காற்று என்றும் இடி என்றும் மூடுபனி என்றும். அந்தக் கூச்சலுக்கு நடுவே தார்தா சொல்லிக்கொண்டே போனாள், அவர் அவள் வாயைப் பார்த்தார், பிறகு எங்கள் வாயைப் பார்த்தார். எனக்கு அந்த நிமிடம் நன்றாக நினைவிருக்கிறது. பொத்தான் எல்லாம் போட்ட அந்த மனிதர் கழுத்துப் பொத்தானை அவிழ்த்துவிட்டார்.

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மேடையின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்றார். பால்காரர், சாயங்காலம் தூறும் என்றார். தெரியும் என்றார் கிராவிஸ். மருத்துவச்சி பனி என்றாள். தெரியும் என்றார். ஒருவரையும் விடவில்லை, ஒருவர் சொன்னதையும் அவசரப்படுத்தவில்லை, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. என் முன்னாலும் வந்தார். காத்து, என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும், ஆல்வினே அம்மா," என்றார். "முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்."

செப்டம்பரில் ரீகாவிலிருந்து வேலை உறுதி என்று கடிதம் வந்தது. வரவில்லை என்று பதில் எழுதி, அதை நானே தபாலில் போட வேண்டும் என்று கையில் கொடுத்தார். அதற்குப் பிறகும் ஆடினார், பட்டத்தோடு ஆடினார், தார்தாவின் பெயரைச் சுவரில் தானே ஒரு தாளில் எழுதி மாட்டிவிட்டுப் போய், முதல் ஆட்டத்திலேயே ஒரு வெள்ளைக் குதிரையைக் கொடுத்தார். அதோடு தார்தாவும் வானிலைக்குத் திரும்பிவிட்டாள்.

இதை எழுதுகிற இந்த முப்பத்தெட்டாம் வருடம் ஏப்ரலில், பனி உருகும் சமயத்தில், எமீலியா லாயத்தில் தூங்கியபடியே செத்துப்போனாள். வந்த குதிரைகளில் முதல் சாவு. வயதாகிவிட்டது, வேறு காரணம் எதுவும் இல்லை, நான் பதினாலு வருடம் வாயைத் திறக்கவில்லை என்பதை ஊரே சொல்லும். மற்ற குதிரைகள் எல்லாம் நலம், அவற்றைப் பற்றி நான் இங்கே நல்லதாக ஏதாவது சொல்லியிருந்தால் அது வெறும் தகவல், அதற்கு மேல் ஒன்றுமில்லை, இதைச் சத்தமாகப் படிக்கிறவர்களும் அந்தப் பகுதிகளில் குரலைத் தாழ்த்திக்கொள்ளவும். கிராவிஸுக்குக் கண் மங்கிவிட்டது, எழுத்து தெரிவதில்லை. அதனால் இப்போது ரொட்டிக் கடை மாடிக்கு ஏறிப்போய், நாற்காலியை அவர் காதருகே இழுத்துப் போட்டு, இவ்வளவையும் படித்துக் காட்டப் போகிறேன், கடைசி வரியை எழுந்து நின்று படிப்பேன்.

கிராவிஸ் ஐயா, என் எமீலியாவுக்காக, நன்றி.